பெரிய துண்டு தீபாவுக்கு

மேற்கு தாம்பரம்
8-1-2007

மச்சான் வேதாசலத்துக்கு,

கோதண்டம் எழுதறது. போன்ல பேசினா நான் கத்தறேனாம், நீ பாதியிலயே வெச்சுடறியாம். "ரெண்டு பேரும் எழுதித் தொலைங்க, பேப்பர்ல கத்த முடியாது"ன்னு உன் அக்கா தையல்நாயகி மீன் கடைக்கே வந்து பேனாவை மேசையில வெச்சுட்டுப் போயிட்டா. முடியும்னு காட்டறேன்.

நீ விசாகப்பட்டினத்துல இருந்து ரயில்ல போட்ட ஐஸ் பெட்டி நேத்து வந்துச்சு. திறந்து பார்த்தா ஒரே ஒரு கொப்பரன் மீன். தலையும் வாள் மூக்கும் துடுப்பும் படகுலயே வெட்டிட்டதால வெறும் உடம்பு, ஆள் படுத்திருக்கற நீளத்துக்கு. நான் கேட்டது இதுவா? பழைய மகாபலிபுரம் ரோட்டுல புதுசா வந்திருக்கற ஓட்டல் செஃப் சுந்தரராமன் கேட்டது சின்ன கொப்பரன். குறுக்கே துண்டு போட்டா தட்டுக்குள்ள அடங்கணும், அவ்வளவுதான். வாராவாரம் தர்றேன்னு கை கொடுத்துட்டு வந்திருக்கேன். தாம்பரத்துல கோதண்டம் வாக்குக்குத்தான் வியாபாரம் நடக்குது, மீனுக்கு இல்ல.

சின்னது தூண்டில்ல உயிரோட வந்தா கடல்லயே விட்டுடறோம்னு போன்ல சொன்ன. அதுக்கு நான் என்ன பதில் சொன்னேன்னு திரும்ப எழுதல, இதை உன் அக்கா படிப்பா. ஆனா ஒண்ணு கேக்கறேன். நம்ம கோவளம் கரையில எவனாவது கைக்கு வந்த மீனை, போய்ட்டு வாம்மான்னு அனுப்பி வெச்சதைப் பார்த்திருக்கியா? உன் படகு முதலாளிக்கு சூரை மீன் போதும், கொப்பரன் உங்க ஆளுங்க பங்கு. உன் பங்கை நீ கொட்டினா கொட்டு. என் வாக்கை ஏண்டா கொட்டற?

கோபத்துல எழுத வந்ததுல நல்ல சேதி கடைசிக்குப் போயிடுச்சு. என் பொண்ணு தீபா முழுகாம இருக்கா. மூணு மாசம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழிச்சு. பெருங்களத்தூர்ல அவ மாமியார் வூட்டுல இந்த ஆறு வருஷமா என்னென்ன பேச்சு கேட்டிருப்பான்னு உனக்குத் தெரியும். நீ அனுப்பின பெரிய மீனோட அடிவயித்துத் துண்டு, கொழுப்பு ஓடற இடம், அதை வேற யாருக்கும் விக்கப் போறதில்ல. வாரத்துக்கு ஒருக்கா நானே வண்டில கொண்டு போய்க் கொடுக்கப் போறேன். பெரிய மீன்தான் நல்ல மீன். அந்த விதத்துல உன் பெட்டி உபயோகம்தான்.

அடுத்த பெட்டியில சின்னது வரணும்.

கோதண்டம்


விசாகப்பட்டினம்
26-1-2007

மாமாவுக்கு,

கரைக்கு வந்ததும் உங்க கடுதாசி. தீபா சேதியை மட்டும் நாலு தடவை படிச்சேன். படகுல இருக்கறவங்களுக்கு எல்லாம் நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன். "இன்னா டிரைவர், உனக்கா புள்ளை?"ன்னு கேலி பண்ணானுங்க. ஆமாண்டா, எனக்குத்தான்னேன். தூக்கி வளர்த்த கை இது.

இப்ப சின்ன மீன் விஷயம். கோபப்படாம படிங்க மாமா.

நாங்க ஆயிரங்கால் தூண்டில் போடறது சூரைக்கு. மைல் கணக்கா கயிறு, அதுல வரிசையா கொக்கி. கொப்பரன் பகல்ல ஆழத்துல கிடக்கும், இருட்டினா மேல ஏறி கணவாயைத் தேடி வரும், அப்ப மாட்டிக்கும். அந்த ஆழத்துல தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும். ஒரு தடவை தலை வெட்டும்போது கண்ணுக்குப் பின்னால கை வெச்சுப் பார்த்தேன், உடம்பெல்லாம் சில்லுன்னு இருக்கு, அங்க மட்டும் வெதுவெதுன்னு இருந்துச்சு. கண்ணையும் மூளையையும் மட்டும் சூடா வெச்சுக்குதாம், குளிர்லயும் தெளிவா பார்க்கறதுக்கு. எனக்கு அன்னிக்குக் கத்தியை வைக்க மனசு வரல. வெச்சேன், பொழப்பு அது.

பெருசு எல்லாம் பொட்டை மாமா. ஆண் மீன் ஓரளவுக்கு மேல வளராது. உங்க கடைப் பலகையில ஆள் நீளத்துக்கு எது வந்திருந்தாலும் அது பொட்டைதான். அது முதல் முட்டை வைக்கவே அஞ்சு வருஷம் போல ஆவுது. நீங்க கேக்கற தட்டு சைஸ் மீன் இன்னும் ஒரு தடவை கூட முட்டை வெச்சிருக்காது. அட்லாண்டிக் கடல்ல இப்படியே சின்னதா புடிச்சுப் புடிச்சு, பெருசே வராமப் போயி, அப்புறம் அளவு கட்டி நிறுத்தினாங்களாம். சில வருஷத்துல திரும்பி வந்துச்சாம். மீன்வளத் துறைக்காரங்க இங்க கூட்டம் போட்டுச் சொன்னாங்க. நிறுத்தினா வருதுன்னா நாமளும் கொஞ்சம் நிறுத்தலாமேன்னு தோணுச்சு.

நான் ஒண்ணும் சாமியார் இல்ல. செத்து வர்ற சின்னதை எடுத்துக்கறோம், அதை விட்டு யாருக்கு லாபம்? உயிரோட துள்ளறதுக்கு மட்டும் கயிறை அறுத்து விடறேன். அதுக்கே படகுல ரெண்டு பேர் மூஞ்சைத் தூக்கிகினு திரியறான்.

செஃப் கிட்ட முடியாதுன்னு சொல்லிடுங்க. பெரிய மீனா இன்னொண்ணு அனுப்பறேன். தீபாவுக்கு வேதா மாமா அனுப்பினதுன்னு சொல்லிக் கொடுங்க.

வேதாசலம்


மேற்கு தாம்பரம்
3-2-2007

வேதாசலத்துக்கு,

உன் மீன் பாடம் வந்து சேர்ந்துச்சு. கல்லாவுல உக்காந்து படிச்சேன், எதிர்ல சுந்தரராமன் ஆள் வெறும் பையோட நின்னுகினு இருந்தான். "கடல்ல இருக்கற மீனுக்கு அஞ்சு வயசு ஆகட்டும், அதுவரைக்கும் உக்காரு தம்பி"ன்னு சொல்லவா?

நீ அனுப்பின ரெண்டாவது பெருசும் வந்தாச்சு. மீன் நல்ல மீன், அதை மறுக்கல. பம்மல்ல ஒருத்தன் இதே மீனை வஞ்சிரம்னு சொல்லி விக்கறான். நான் கொப்பரன்னு பேர் சொல்லியே விக்கறேன், வெட்டற கையைப் பார்த்துத்தான் வாங்கறாங்க. தீபாவுக்கு ருசி புடிச்சுப் போச்சு, இப்ப வாரத்துக்கு ரெண்டு தடவை. அவ மாமியார் அக்கம்பக்கத்துல பெருமையா பேசுதாம், "சம்பந்தி எவ்ளோ பெரிய துண்டு கொண்டாறார் பாரு"ன்னு. ஆறு வருஷத்துல அந்தம்மா வாயில இருந்து என்னைப் பத்தி வந்த முதல் நல்ல வார்த்தை.

ஓட்டல் சமாசாரம் வேற. என் வாக்கைக் கெடுத்தவன் கூட எனக்குப் பேச்சு இல்ல. சின்னது அனுப்பற வரைக்கும் போன் பண்ணாதே. பண்ணினா எடுத்து உடனே வெச்சுடுவேன், உன் மாதிரியே.

கோதண்டம்


விசாகப்பட்டினம்
15-2-2007

மாமா,

நின்ன இடத்துலயே முதல்ல இந்த வரியைப் படிங்க. தீபாவுக்கு அந்த மீனைக் கொடுக்காதீங்க. வீட்டுல மிச்சம் இருந்தா எடுத்துட்டு வந்துடுங்க.

நேத்து ரெண்டு தடவை, இன்னிக்கு ஒரு தடவை போன் போட்டேன். என் குரல் கேட்டதுமே வெச்சுட்டீங்க. அக்காவுக்குன்னு தனி போன் இல்ல, மாப்பிள்ளை ரவி நம்பர் எங்கிட்ட இல்ல. அதான் கூரியர். எங்கிட்ட கோபம்னா அதை அப்படியே வெச்சுக்குங்க, இதை மட்டும் கேளுங்க.

போன தடவை உங்களுக்கு அனுப்பினது போக ஒரு பெருசை இங்க ஏற்றுமதி கம்பெனிக்காரங்க வாங்கினாங்க. நேத்து திருப்பிக் கொடுத்துட்டாங்க. பரிசோதனையில பாதரசம் அளவுக்கு மேல இருக்குதாம். மீன் கெட்டுப் போகல மாமா, ஐஸ் குறையும் இல்ல. அந்த மீனோட வாழ்க்கையே அப்படி. கடல்ல கொஞ்சூண்டு பாதரசம் இருக்கு, சின்ன மீன் அதைத் தின்னுது, சின்னதை அடுத்தது தின்னுது, எல்லாத்தையும் கொப்பரன் தின்னுது. வருஷக்கணக்கா உடம்புல சேருது. எவ்ளோ பெருசோ அவ்ளோ சேர்மானம். வேக வெச்சாலும் வறுத்தாலும் போகாதாம்.

பெரியவங்க எப்பவாவது சாப்பிட்டா பெருசா ஒண்ணும் ஆகாதுன்னு பரிசோதனை பண்ண மேடம் சொன்னாங்க. வயித்துல குழந்தை இருக்கறவங்க தொடவே கூடாதாம். குழந்தையோட மூளை, நரம்பு வளர்ற நேரமாம். வெளிநாட்டுல டாக்டருங்களே சொல்லி அனுப்பறாங்களாம். எனக்கு உங்க கடுதாசியில இருந்த "வாரத்துக்கு ரெண்டு தடவை"தான் மண்டைக்குள்ள ஓடுச்சு. அந்த ரெண்டாவது பெட்டியை வேதா மாமா அனுப்பினதுன்னு சொல்லிக் கொடுக்கச் சொன்னவன் நான்.

டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போங்க. என்ன சொன்னாங்கன்னு ஒரு வரி எழுதிப் போடுங்க. உங்க பதில் வர்ற வரைக்கும் கடலுக்குப் போகல, ஆளுங்க கிட்ட இன்ஜின் கோளாறுன்னு சொல்லியிருக்கேன்.

வேதாசலம்


மேற்கு தாம்பரம்
18-2-2007

மச்சானுக்கு,

கூரியர் வந்தப்ப கடையில கூட்டம். உன் கையெழுத்தைப் பார்த்துட்டு எடைத் தட்டுக்கு அடியில சொருகி வெச்சேன். உன் அக்காதான் எடுத்துப் பிரிச்சா. அவ மூஞ்சி மாறினதைப் பார்த்துத்தான் வாங்கிப் படிச்சேன். அப்புறம் கத்தியைப் பலகையிலயே போட்டுட்டு, ஏப்ரனோட வண்டியை எடுத்துட்டேன். பெருங்களத்தூர் சிக்னல்ல பஸ்ஸும் லாரியுமா அடைச்சுகினு நிக்குது. எப்படிப் புகுந்து போனேன்னு ஞாபகம் இல்ல.

உள்ள போறேன், தீபா சோத்துத் தட்டோட உக்காந்திருக்கா. தட்டுல என் துண்டு. மொறுமொறுன்னு வறுத்து வெச்சிருக்காங்க. நான் தட்டைத் தூக்கிட்டேன்.

"இன்னா சம்பந்தி, புள்ளத்தாச்சி தட்டைப் புடுங்கறீங்க?"ன்னு அவ மாமியார் எழுந்துட்டாங்க. "உங்க மீனை நாங்க இன்னா கடனா கேட்டோம்?"

"அம்மா, இதுல பாதரசம் கீதாம்மா."

"அப்ப கொண்டாந்து கொடுத்தது யாரு?"

தட்டுல இருந்ததைக் குப்பையில கொட்டிட்டு வந்தேன். தீபாதான், "எப்பா, மொதல்ல உக்காரு, உனக்கு மூச்சு வாங்குது"ன்னு தண்ணி கொடுத்தா.

சாயங்காலமே டாக்டரம்மாவைப் பார்த்தோம். எந்த மீன், எவ்வளவு நாளா, எத்தனை தடவைன்னு எல்லாம் கேட்டாங்க. மருமகப்பிள்ளை ரவி பிரவுசிங் சென்டர்ல எடுத்துட்டு வந்த பேப்பரையும் பொறுமையா பார்த்தாங்க. "சாப்பிட்டதுக்குப் பயந்து உடம்பைக் கெடுத்துக்காதீங்க. சில வாரம்தான், சீக்கிரமே நிறுத்திட்டீங்க, உடம்பு கொஞ்சம் கொஞ்சமா அதை வெளிய தள்ளிடும். மாசக்கணக்கா இப்படியே போயிருந்தாத்தான் நான் கவலைப்படுவேன். சின்ன மீனா சாப்பிடும்மா, மீனை விட்டுடாதே"ன்னாங்க. மறுபடி மறுபடி கேட்டேன், ஒண்ணும் ஆகாது இல்லம்மான்னு. "முழு உத்தரவாதம் எந்த டாக்டரும் கொடுக்க மாட்டாங்க சார். ஸ்கேன் எடுத்துக்கினே வருவோம்"னாங்க. கறாரான அம்மா. அதனாலயே நம்பினேன்.

நீ அத்தனை தடவை போன் போட்டதை நான் யார்கிட்டயும் சொல்லல. தீபாகிட்ட சொல்லவே முடியல. நீ முதல்ல போன் போட்டதுக்கும் கூரியர் வந்ததுக்கும் நடுவுல ஒரு துண்டு அவ சாப்பிட்டிருக்கா.

நீ கடலுக்குப் போ.

கோதண்டம்


விசாகப்பட்டினம்
24-2-2007

மாமாவுக்கு,

உங்க கடுதாசி வந்தப்புறம்தான் சோறு இறங்குச்சு. இன்ஜின் சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டேன், நாளைக்குக் கிளம்பறோம்.

அந்த ஒரு துண்டை நினைச்சுகினே இருக்காதீங்க. டாக்டரம்மா சொன்ன கணக்குல அதுவும்தானே சேர்த்தி.

நான் ஒரு விஷயம் யோசிச்சுகினே இருக்கேன். பெருசை விக்கறதுக்கு பயமா இருக்கு, சின்னதைப் புடிக்கறதுக்கு மனசு வரல. அப்ப நாம என்னதான் பண்றது மாமா? நீங்கதான் வியாபாரி, உங்களுக்குத்தான் வழி தெரியும். நான் இனிமே பெட்டி அனுப்பலாமா வேணாமான்னு சொல்லுங்க. அனுப்பாதேன்னா கோவிச்சுக்க மாட்டேன்.

இந்த தடவை சூரைக் கொக்கியை இன்னும் கொஞ்சம் வேற ஆழத்துல போட்டுப் பார்க்கப் போறேன், கொப்பரன் கம்மியா மாட்டுதான்னு. முதலாளிக்கும் நஷ்டமில்ல. ஆளுங்க திட்டுவானுங்க, திட்டட்டும்.

வேதாசலம்


மேற்கு தாம்பரம்
30-3-2007

மச்சான்,

அஞ்சாம் மாச ஸ்கேன் முடிஞ்சுது. தலை, முதுகெலும்பு, இதயம் எல்லாம் எப்படி இருக்கணுமோ அப்படி இருக்குதாம். ஸ்கேன் எடுக்கற பொண்ணு திரையில காட்டுச்சு. எனக்கு ஒண்ணும் புரியல, மேகமூட்டமா இருந்துச்சு. உன் அக்கா மட்டும் "கை ஆட்டுது பாருங்க"ன்னு அழறா.

நீ கேட்டதுக்குப் பதில். சின்னதை விடு. உயிரோட வந்தா அறுத்து விட்டுடு, நான் ஒண்ணும் சொல்லல. செத்து வர்றதை அனுப்பு. ஆள் நீளத்துக்கு வர்றதை என் கடைக்கு அனுப்பாதே, கேட்டே வாங்கறவன் இருந்தா அங்கயே விஷயத்தைச் சொல்லி வித்துக்கோ. இதுல தர்மம் ஒண்ணும் இல்ல, என் கடைக்கு வர்றதுல முக்காவாசி பொம்பளைங்க. நான் யார் வயித்துல என்ன இருக்குன்னு கண்டேன்?

முதல் வாரம் அதைத்தான் கேட்டுப் பார்த்தேன். ஃப்ரீசர்ல இருந்த மிச்சத்தை விக்கும்போது ஒவ்வொருத்தரையும், "யம்மா, முழுகாம கீறியா?"ன்னு. சானடோரியத்துல இருந்து வர்ற ஒரு டீச்சரம்மா, அறுபதை நெருங்கறவங்க, "யோவ் கோதண்டம், எங்க வூட்டுக்காரர் காதுல விழற மாதிரி ஒரு தடவை கேளுய்யா"ன்னுட்டு, கடை மொத்தமும் சிரிச்சு என் மானம் போச்சு. அப்புறம்தான் பலகை எழுதி மாட்டினேன். "கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் கொப்பரன் தருவதில்லை." பக்கத்து மீன் கடை தட்சிணாமூர்த்தி, "சொந்தச் சரக்குக்கே சூடு வெச்சுக்கறான் பைத்தியக்காரன்"னான். இப்ப அவன் கடையில வாங்கிகினு இருந்த பொம்பளைங்க ரெண்டு பேர் என்கிட்ட சங்கரா வாங்கறாங்க. ஒண்ணை வேணாம்னு சொல்றவன் மத்ததைப் பத்திப் பொய் சொல்ல மாட்டான்னு ஒரு நம்பிக்கை. இதையும் கவனிச்சு வெச்சிருக்கேன், நான் வியாபாரிதானே.

சுந்தரராமன்கிட்ட நேர்ல போய்ச் சொன்னேன். சின்ன கொப்பரன் இனி வாராவாரம் வராது, அது வளரணும்னு. கொடுவா தர்றேன்னேன். வேணாம்னுட்டார். மரியாதையா காபி கொடுத்து அனுப்பினார், ஆர்டர் போச்சு. திரும்பி வரும்போது வயித்தெரிச்சல் படுவேன்னு நினைச்சேன். துரைப்பாக்கம் தாண்டற வரைக்கும் பட்டேன், அப்புறம் ஸ்கேன் ஞாபகம் வந்துடுச்சு.

ஏப்ரல் பதினஞ்சுல இருந்து தடைக்காலம், படகு எப்படியும் கட்டிக் கிடக்கும். மே மாசம் தீபாவுக்கு வளைகாப்பு. அவளுக்குத் தாய்மாமன் நீ ஒருத்தன்தான். வா.

கோதண்டம்


விசாகப்பட்டினம்
4-6-2007

மாமா, அக்காவுக்கு,

நல்லபடியா வந்து சேர்ந்தேன். தடை முடிஞ்சு ஐஸ் ஏத்திகினு இருக்கோம், காலைல கிளம்பறோம்.

வளைகாப்புல தீபா கையில முதல் வளையலை என்னைப் போடச் சொன்னீங்களே, அதை வழியெல்லாம் நினைச்சுகினே வந்தேன். அவ மாமியாரே நகர்ந்து இடம் விட்டாங்க. நான் அங்க இருந்த அத்தனை நாளும் அந்த போன் விஷயத்தைப் பத்தி நீங்களும் பேசல, நானும் பேசல. கிளம்பற அன்னிக்கு சென்ட்ரல்ல என் தோளைப் புடிச்சுகினு, "மச்சான்..."னு ஏதோ ஆரம்பிச்சீங்க. ரயில் நகர்ந்துடுச்சு. என்ன சொல்ல வந்தீங்கன்னு தெரியல. கடன் கிடன் கேக்க வந்திருந்தா இப்பவே சொல்லிடறேன், எங்கிட்ட இல்ல.

ஆழம் மாத்திப் போட்டதுல கொப்பரன் கொஞ்சம் கம்மியாத்தான் மாட்டுது. ஒண்ணு ரெண்டு தடவையை வெச்சு சொல்ல முடியாது, பார்க்கலாம். மார்ச்சுல சின்னது ஒண்ணு வந்துச்சு, என் கை நீளம்தான் இருக்கும். கயிறை அறுத்ததும் அசையாம ஒரு நிமிஷம் படகோரமா நின்னுச்சு. செத்துடுச்சோன்னு நினைச்சேன். அப்புறம் ஒரே சொடுக்கு, காணோம். ஆளுங்கள்ல மூஞ்சைத் தூக்கிகினு இருந்தவன் ஒருத்தன் எட்டிப் பார்த்துட்டு, "போவுது டிரைவர்"ன்னான், ஏதோ அவனே விட்ட மாதிரி.

குழந்தை பொறந்ததும் படகு ஆபீசுக்குப் போன் பண்ணுங்க, வயர்லெஸ்ல சொல்லிடுவாங்க.

வேதாசலம்


மேற்கு தாம்பரம்
29-7-2007

மச்சான் வேதாசலத்துக்கு,

நீ கரைக்கு வந்ததும் இது கையில கிடைக்கும். பொண்ணு பொறந்த சேதி வயர்லெஸ்ல வந்திருக்கும். எடை நல்ல எடை, அழுகை நல்ல அழுகை. குழந்தை டாக்டர் கண்ணு, காது, கை கால் எல்லாம் பார்த்துட்டு, "நல்லா இருக்கா, வழக்கமான பரிசோதனைக்கு வந்தாப் போதும்"னார். கைதட்டினதும் திடுக்குனு திரும்பினா. அந்தத் திடுக்குக்காகத்தான் நான் பிப்ரவரியில இருந்து காத்துகினு இருந்தேன்.

போன்லயே எல்லாம் பேசலாம், அப்புறம் ஏன் எழுதறேன்னா, ரயில்வே ஸ்டேஷன்ல சொல்ல வந்ததை என் வாய் சொல்லாது. எழுதிட்டா ஆச்சு. சைக்கிள்ல ஐஸ் பெட்டி கட்டிகினு கோவளத்துல இருந்து தாம்பரம் மிதிச்ச காலத்துல இருந்து, எனக்கு யாரும் எதையும் சும்மா கொடுத்ததில்ல. எல்லாத்துக்கும் விலை கொடுத்து வாங்கினவன், அதனால நன்றின்னு ஒரு வார்த்தையை யார்கிட்டயும் சொல்ல வேண்டி வரல. நீ எனக்குச் சும்மா கொடுத்த. நான் அத்தனை பேசினப்புறம், மூணு தடவை மூஞ்சில அடிச்ச மாதிரி போனை வெச்சப்புறம், நாலாவதா எழுதிக் கொடுத்த. வேற ஒருத்தனா இருந்தா, கிடக்கட்டும் கிழவன்னு விட்டிருப்பான். நானா இருந்தா விட்டிருப்பேன், அதையும் சொல்லிடறேன். நன்றி மச்சான்.

இப்ப இங்க நடக்கற கூத்து. மூணாம் நாள் தீபாவுக்குப் பால் பத்தல. பால்சுறா புட்டு செஞ்சு கொடுத்தா ஊறும்னு உன் அக்கா ஒத்தக்கால்ல நிக்கறா. சுறாவும் மத்த மீனைத் தின்னு வளர்றதுதானேன்னு எனக்குச் சந்தேகம். டாக்டரம்மாவைக் கேட்டேன், "இப்போதைக்குச் சுறா வேணாம், சின்ன மீன் கொடுங்க"ன்னாங்க. சரி, நம்ம கரையில பிள்ளை பெத்தவளுக்குக் காரப்பொடி ரசம் வைக்கற வழக்கமும் உண்டே, அதைச் செய்யலாம்னா, என் கடையில காரப்பொடி ஏது? விரல் நீள மீனு, முழுக்க முள்ளு, லாபமில்ல. என் பலகையில ஏத்தினதே கிடையாது.

விடிகாலைல கோவளம் போனேன். கூடை வெச்சுகினு உக்காந்திருந்த பச்சையம்மா, "இன்னா மொதலாளி, வழி தவறி வந்துட்டியா?"ன்னுச்சு. "காரப்பொடி குடு"ன்னேன். அது என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "பேரப்புள்ளையா?"ன்னு கேட்டு, ரெண்டு கை அள்ளி அதிகமாவே போட்டுச்சு.

கடையில ஆளுங்க இருந்தும் யார்கிட்டயும் கொடுக்கல. நானே உக்காந்து ஒவ்வொண்ணா தலை கிள்ளி, குடல் எடுத்து, கல் உப்பு போட்டு அலசினேன். ஆள் நீள மீனை அரை மணியில அறுத்துப் போடற கை, இதுக்குக் காலைப் பொழுது மொத்தமும் தடவுச்சு. தட்சிணாமூர்த்தி வந்து நின்னு பார்த்துட்டு, அலசறதுக்கு ஒரு வாளி தண்ணி கொண்டாந்து வெச்சுட்டுப் போனான்.

மிளகு, பூண்டு தட்டிப் போட்டு உன் அக்கா ரசம் வெச்சா. தீபா ரெண்டு டம்ளர் குடிச்சா. சாயங்காலம் பேத்தி வயிறு நிறைய குடிச்சுட்டு, கடைவாயில பால் வழிய என் மடியில தூங்கிட்டா. சம்பந்தியம்மா எட்டிப் பார்த்துட்டு, "நாளைக்கும் கொண்டாங்க"ன்னாங்க.

நாளைக்கும் போறேன்.

உன் மாமா
கோதண்டம்